சூடு

எளாவூர் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்
புளியமரத்தில் கட்டிய கயிற்றில்
வரிசையாகத் தொங்கின தலைகள்.
கறுப்பு, சிவப்பு, ஒன்றில் மண்டையோட்டுப் படம்.
எதை எடுத்தாலும் இருநூற்றைம்பது.

என் கையில் ஆயிரத்து நானூறு.
சீட்டுப் பணம் கட்டி,
மகனின் வேன் பாக்கி கட்டி,
சிலிண்டர் இன்னும் பத்து நாள் வரும் என்று
தூக்கிப் பார்த்து நம்பி
மிஞ்சியது.

எனக்குத் தரப் பரிசோதனையில் வேலை,
தடா தாண்டி.
எட்டு மணி நேரம் பிளாஸ்டிக் மூடிகளைத்
தட்டுவேன், திருப்புவேன், வெளிச்சத்தில் பிடிப்பேன்,
சரியில்லாததைச் சிவப்புத் தொட்டியில் போடுவேன்.
ஷிப்டு முடிந்தாலும் கைக்கு அது தெரியாது.

முதல் ஹெல்மெட்டைத் தட்டினேன்: தயிர் டப்பா.
உள்ளே அழுத்தினேன்: டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல்.
ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரில் நகம் வைத்தேன்.
பொட்டு மாதிரி வந்து
விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

"போலீசுக்கு இது போதும்மா" என்றார் கடைக்காரர்.
போலீசுக்குப் போதும்.
பக்கத்து லைன் தெரசம்மாள்
லாரி வாரியடித்த தண்ணீரில் சறுக்கி
விழுந்த இடத்தில் போலீஸ் இல்லை.
தார் இருந்தது.

ஏழு எடுத்துப் பார்த்தேன். ஏழும் ரிஜெக்ட்.
எட்டாவதை அவர் கையிலேயே தரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கண்ணாடிக் கதவு போட்ட கடை.
ஆயிரத்து நூற்றைம்பதை
ஆயிரத்து எண்பதுக்கு இறக்க
இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பினேன்.
யாரும் கேட்காத சாம்பல் நிறம்.
தலையை ஆட்டினேன், அது தனியாக ஆடவில்லை.
கன்னம் இரண்டும் பிதுங்கி
கண்ணாடியில்
கொழுக்கட்டையை முழுசாக வாயில் போட்டவள்.

ஜாக்கெட் நாலாயிரம்.
சட்டைக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.
விளையாட்டுச் சாமான் கடையில்
கபடிக்காரர்களின் முழங்கால் உறை, ஜோடி நூற்று எண்பது.
கையுறை கம்பெனியில் கழித்துப் போட்டது.
இரண்டும் இடது கை.
ஒன்றை உள்வெளியாகத் திருப்பி வலதில் போட்டேன்,
ரப்பர் புள்ளிகள் என் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டன.
சுடிதாருக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸ்.
"என்ன, எல்லைக்குச் சண்டைக்கா?" என்றார்.
எல்லைக்குத்தான்.
போக வர இருபத்தெட்டு கிலோமீட்டர்.

மீதி நூற்று நாற்பது. பெட்ரோல்.

பின்சீட்டில் ஸ்ரவந்தி.
நாளுக்கு முப்பது ரூபாய் அவள் பங்கு.
லாரி முந்தும்போது என் தோளில் இரண்டு விரல்.
என் ஹெல்மெட்டை அவள் தலையில் வைத்துப் பார்த்தேன்.
காதுக்கு மேல் என் விரல் முழுசாகப் போனது.
துப்பட்டாவைச் சுருட்டி அடைத்துக்கொள்கிறேன் என்றாள்.
ரிஜெக்ட் என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அவளைச் சொன்னது போல் இருந்தது.

மறுநாளிலிருந்து ஷேர் ஆட்டோ, அவளுக்கு நாற்பது செலவு.
எனக்கு முப்பது நஷ்டம்.
கேன்டீனில் வேறு மேசைக்குப் போய்விட்டாள்.
காலிப் பின்சீட்டில்
கயிறு கட்டிய டிபன் கேரியர்
குதித்துக் குதித்து வந்தது.

சம்பளம் போட்ட மறுநாள்
ஆரம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள்.
கையில் மஞ்சள் ஹெல்மெட், சின்னது.
விலைச்சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை.
வண்டியை நிறுத்தும் முன்பே நீட்டி
"சூடக்கா" என்றாள்.

அவள் மொழியில் அது, பார்.
என் மொழியில் வெயில், கோபம், வாயில் சுட்ட டீ.
அப்புறம், பூவையோ கிரீடத்தையோ
தலையில் வை என்பதற்கும் அதுதான்.

தட்டினேன். அழுத்தினேன்.
வாரை மூன்று தரம் இழுத்தேன்,
மூன்றாவது தேவையில்லாதது.
ஸ்டிக்கரில் நகம் வைத்தபோது
அவள் மூச்சு விடவில்லை.
நகம்தான் மடங்கியது.

"சூடு" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் சொன்னது தமிழில்.